தோணிக்காரி மன்னிப்புக் கேட்ட கதை

சொற்கலைக் கழகம் ஆண்டுதோறும் பல விருதுகளை வழங்கிவந்தது. ஒன்றைத் தவிர மற்றவை எல்லாம் கழகத்தின் உறுப்பினர்களுக்கே போய்விடும். அந்த ஒன்று மட்டும் வெளியாளுக்கு. வாங்கிய மறுவாரமே அவரும் உறுப்பினர் ஆகிவிடுவார். இந்த ஏற்பாட்டில் யாரும் குறை கண்டதில்லை. குறை சொல்லக்கூடியவர்கள் அனைவரும் ஏற்கெனவே உள்ளே இருந்தார்கள்.

இப்படிச் சீராக ஓடிக்கொண்டிருந்த கழகத்துக்கு மேலிடத்திலிருந்து ஒருநாள் ஒரு கேள்வி வந்தது. இளைஞர்களுக்காக நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்று கேட்டிருந்தார்கள். கழகத்திலேயே வயது குறைந்தவர் செயலாளர்தான். அவருக்கே அடுத்த வருடம் பணி ஓய்வு. செயற்குழு அவசரமாகக் கூடி, வீடியோ விளையாட்டுகளில் வரும் நல்ல கதைக்கும் நல்ல பாத்திரத்துக்கும் ‘ஊடாடும் இலக்கிய விருது’ என்று ஒன்றை அறிவித்தது. அறிவித்த பிறகு, ஊடாடுதல் என்ற சொல் ஊடலிலிருந்து வந்ததா, ஊடுருவலிலிருந்து வந்ததா என்று மதியச் சாப்பாடு வரைக்கும் வாதம் நடந்தது. ஊடல் கட்சி வென்றது. ஆகவே நடுவர் குழுவில், காதல் கவிதைகளில் கரைகண்ட ஒரு திறனாய்வாளரைப் போட்டார்கள்.

அந்த அறிவிப்பு செய்தித்தாளில் வந்த அன்றுதான் வசனக்காரிக்கு வேலை போவதாக இருந்தது.

வசனக்காரி என்பது அலுவலகத்தில் வைத்த பெயர். விளையாட்டுகள் தயாரிக்கும் ஒரு சின்ன நிறுவனம் அது. ஒரு மாடி முழுக்கப் படம் வரைகிறவர்களும் நிரல் எழுதுகிறவர்களும் உட்கார்ந்திருப்பார்கள். விளையாட்டுக்குள் இருக்கும் மனிதர்களைப் பேசவைப்பவள் இவள் ஒருத்திதான். மூன்று வருடமாக இவள் எழுதிய விளையாட்டுக்கு ‘அக்கரைக்கு ஓராள்’ என்று பெயர். ஆற்றுப் பாலம் இடிந்து கிடக்கிறது. கடக்க ஒரே ஒரு தோணி. அதைத் தள்ளுகிறவள் ஒரு நடுத்தர வயதுக்காரி. ஒரு தடவைக்கு ஓர் ஆளைத்தான் ஏற்றுவாள். ஏற்றுவதற்கு முன் ஒரு கேள்வி கேட்பாள்: “அக்கரையில உனக்கு யாரு இருக்கா?” திரையில் சில பதில்கள் வரும். விளையாடுகிறவர் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அவ்வளவுதான் விளையாட்டு. சுடுவதற்கு ஒருவரும் கிடையாது. ஆனால் அந்தத் தோணிக்காரி எதையும் மறக்கமாட்டாள். போன தடவை நீங்கள் என்ன சொன்னீர்கள், அதற்கும் இன்று சொல்வதற்கும் எங்கே இடிக்கிறது என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. பொய் சொன்னால் தெரிந்துகொள்வாள். அப்புறம் முகம் கொடுத்துப் பேசமாட்டாள். அவளிடம் ஒரு நல்ல வார்த்தை வாங்குவதற்காகப் பல பேர் வாரக்கணக்கில் அந்தக் கரையில் நின்றார்கள்.

விளையாட்டு முடிந்ததும் பெயர்கள் ஓடும். முதலாளி பெயர், அவர் மனைவி பெயர், இசை, ஓவியம் எல்லாம் வந்துபோய், அலுவலகத்துக்குத் தண்ணீர் கேன் போட்டவர் பெயருக்குக் கீழே இவள் பெயர் வரும். படிப்பதற்குள் திரை இருண்டுவிடும்.

முதலாளி இவளைக் கூப்பிட்டு உட்காரவைத்துத் தன்மையாகத்தான் பேசினார்.

“தப்பா எடுத்துக்காதீங்க. நம்ம ஆட்டத்துல ஜனங்க அதிகமா அமுக்கற பட்டன் எது தெரியுமா? பேச்சைத் தாண்டிப் போற பட்டன். அடுத்ததுல யாரும் பேசவேண்டாம்னு பார்க்கறேன். வரட்டும், சுடட்டும், போகட்டும்.”

“அப்போ நான் சார்?”

“அதைத்தான் சொல்ல வந்தேன்,” என்றவர் கண்ணில் மேசைமேல் கிடந்த செய்தித்தாள் பட்டது. எடுத்துப் படித்தார். இரண்டாவது தடவையும் படித்தார். “சரி, இதை வாங்கிட்டு வாங்க. விருது வந்துட்டா பேசட்டும். விருது வாங்கினவங்க பேசினா யாரும் தாண்ட மாட்டாங்க.”

வசனக்காரிக்கு வேலை வேண்டியிருந்தது என்பது ஒன்று. அதைவிட, தண்ணீர் கேனுக்கு மேலே ஒரே ஒரு தடவை தன் பெயரைப் பார்த்துவிட வேண்டும் என்று இருந்தது. இதை அவள் கணவனிடம்கூடச் சொன்னதில்லை.

கழகத்தின் கட்டடத்தில் நுழைந்ததும் ஒரு கண்ணாடிப் பெட்டி. அதில் இதுவரை இருந்த தலைவர்களின் பேனாக்கள் வரிசையாக வைக்கப்பட்டிருந்தன. இப்போதைய தலைவரின் பேனாவையும் பதவியேற்ற அன்றே பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டார்கள். அதனால் அவர் கையெழுத்துப் போட வேண்டிய போதெல்லாம் செயலாளரின் பேனாவை இரவல் வாங்குவார்.

செயலாளர் இவளை ஏற இறங்கப் பார்த்தார்.

“புத்தகம் எத்தனை பிரதி கொண்டுவந்திருக்கீங்க?”

“புத்தகம் இல்லைங்க சார். விளையாட்டு.”

“விளையாட்டுன்னா அடுத்த கட்டடம். விளையாட்டு வாரியம். எல்லாருக்கும் இந்தக் குழப்பம் வருது. போன மாசம்கூட ஒருத்தர் உயரம் தாண்டற கம்பைத் தூக்கிட்டு நேரா தலைவர் அறைக்குள்ள போயிட்டார்.”

அவள் செய்தித்தாளைக் காட்டினாள். செயலாளர் தம் கையெழுத்தோடு வந்த அறிவிப்பை ஆச்சரியத்தோடு படித்தார். பிறகு விதிகளைச் சொன்னார். எந்தப் படைப்பானாலும் அச்சிட்டு, கட்டுக் கட்டி, பக்க எண் போட்டுத் தரவேண்டும். நாட்டியத்துக்கும் அதேதான் விதி. போன வருடம் நாட்டிய விருது வாங்கிய அம்மாள் இருநூறு பக்கம் கொடுத்தார்.

“அவங்க ஆடினதைப் பார்த்தீங்களா சார்?”

“எதுக்கு? பக்கம்தான் இருந்துச்சே.”

வசனக்காரியின் நாத்தனார் பேருந்து நிலையத்துக்கு எதிரில் நகலெடுக்கும் கடை வைத்திருந்தாள். கல்யாணச் சான்றிதழிலிருந்து கடவுச்சீட்டு வரை அந்த வட்டாரத்தில் யாருடைய ரகசியமும் அவளைத் தாண்டிப் போகாது. தம்பி மனைவி பொம்மைக் கம்பெனியில் கணக்கு எழுதுகிறாள் என்று இத்தனை வருடமாக எல்லாரிடமும் சொல்லிவந்தவள் அவள். அது பொய்யாகச் சொன்னதில்லை. அவளுக்கு அப்படித்தான் புரிந்திருந்தது.

“முதல் பக்கம் எதும்மா?” என்று கேட்டாள் நாத்தனார். அச்சுப்பொறி தாளைத் துப்பிக்கொண்டே இருந்தது.

“அது நீங்க எங்கேருந்து வர்றீங்கங்கறதைப் பொறுத்தது அண்ணி.”

“நான் வீட்டுலேருந்துதான் வர்றேன். முதல் பக்கம் எது?”

ஒருவர் ஒரு பதில் சொன்னால் கதை ஒரு பக்கம் போகும், வேறு பதில் சொன்னால் வேறு பக்கம் போகும், எல்லாக் கிளைகளையும் அச்சிட்டால் முதல் கடைசி என்று எதுவும் கிடையாது என்று வசனக்காரி விளக்கினாள். நாத்தனார் கேட்டுக்கொண்டாள். கேட்டுவிட்டு, கைக்கு வந்த தாளை மேலே வைத்து ஒன்று என்று எண் போட்டாள். சாயங்காலம் கடையில் தாள்கட்டுகள் இடுப்பளவுக்கு நின்றன. வாடிக்கையாளர்கள் அவற்றின்மேல் பையை வைத்துவிட்டுக் காத்திருந்தார்கள். நாத்தனாரோ நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு நடுவிலிருந்து படித்துக்கொண்டிருந்தாள்.

“இந்தத் தோணிக்காரி யாரு?”

“யாரும் இல்லை அண்ணி. நானா எழுதினது.”

“புருஷன் அக்கரைக்குப் போயிருக்கான், வந்துடுவான்னு எல்லார்கிட்டயும் சொல்றாளே, அவன் வரமாட்டான்னு அவளுக்குத் தெரியும்ல?”

வசனக்காரி தாள் அடுக்குவதை நிறுத்தினாள். அந்த இடத்தை எழுத ஒரு மழைக்காலம் முழுக்க ஆகியிருந்தது. “தெரியும் அண்ணி,” என்றாள்.

“அதானே பார்த்தேன்,” என்று நாத்தனார் அடுத்த தாளை எடுத்தாள். அன்றைக்கு ஒரு ஆளுக்குக் கடவுச்சீட்டின் நகலுக்குப் பதிலாகத் தோணிக்காரியின் நாற்பதாம் பக்கத்தைக் கொடுத்து அனுப்பிவிட்டாள்.

நடுவர் குழு என்பது தலைவர், திறனாய்வாளர், குறிப்பெடுக்கும் செயலாளர். நீள மேசையின் ஒரு புறம் அவர்கள் உட்கார, மறுபுறம் தாள்கட்டுகளுக்குப் பின்னால் வசனக்காரி உட்கார்ந்தாள். எம்பிப் பார்த்தால்தான் அவர்கள் முகம் தெரிந்தது.

திறனாய்வாளர் தொண்டையைச் செருமினார். “தொடக்கமே பிரமாதம். முப்பது பக்கத்துக்கு ஒரே கேள்வி. வந்தியா. வந்துட்டியா. வந்தாச்சா. மறுபடியும் நீயா. வா. நவீன மனிதன் எங்கேயும் வந்து சேரவே இல்லைங்கறதை இதைவிடக் கூர்மையா யாரும் சொன்னதில்லை. நான் ஒரு கட்டுரையே எழுதிட்டேன்.”

“ஐயா, அதுல ஒருத்தருக்கு ஒண்ணுதான் வரும். போன தடவை அவர் எப்படி நடந்துக்கிட்டாருங்கறதைப் பொறுத்து அவ கூப்பிடறது மாறும். எல்லாத்தையும் அடுத்தடுத்து அச்சடிச்சதால...”

“அது உங்க கருத்து,” என்றார் திறனாய்வாளர் கனிவாக. “எழுதினவங்க தங்களோட கருத்தைப் படைப்பு மேல திணிக்கக் கூடாது.”

இப்போது தலைவர் பேச ஆரம்பித்தார். அவர் உட்கார்ந்தபடி பேசினாலும் நின்றபடி பேசுவதுபோலவே இருக்கும்.

“நான் ஐம்பது நூல் எழுதியிருக்கேன்மா. ஒரு வரியிலகூட வாசகனை எதுவும் கேட்டதில்லை. அவனுக்கு என்ன தெரியும்? என் புத்தகத்தைத் திறந்தா நான் சொல்றதைக் கேட்டுக்கணும். பாதியில மூடறவன் உண்டு, முன்னுரையிலேயே மூடறவனும் உண்டு. அதைப் பத்தி நான் கவலைப்பட்டதில்லை. ஆனா ஒருத்தன்கூட என்னைத் திருப்பிக் கேட்டதில்லை. அதுதான் இலக்கியத்தோட கண்ணியம். இதுல என்னடான்னா போறவன் வர்றவனெல்லாம் பதில் சொல்றான், அதைக் கேட்டுட்டு அந்தம்மா வேற பதில் சொல்றா. எனக்கு ஒண்ணுதான் தெரியணும். இதுக்கு முடிவு என்ன?”

“ஏழெட்டு முடிவு இருக்குங்க ஐயா.”

“அதுல எது சரியான முடிவு?”

“எல்லாமே சரிதாங்க.”

“யாரு தீர்மானிக்கறது?”

“விளையாடறவங்கதான்,” என்றாள் வசனக்காரி. அவளுக்கு அதில் ஒரு பெருமை. செயலாளர் அந்தப் பதிலை மட்டும் தலைவரிடமிருந்து பேனாவைத் திருப்பி வாங்கி எழுதிக்கொண்டார்.

படித்தது போதும், நடப்பதைக் கண்ணால் பார்த்துவிடுவோம் என்று குழு முடிவெடுத்தது. ஆனால் மூவரில் யாருக்கும் விளையாடத் தெரியாது. தலைவரின் மாப்பிள்ளையை வரவழைத்தார்கள். அவன் ஒரு வருடமாக மாமனார் வீட்டில் தங்கி வேலை தேடிக்கொண்டிருந்தான். உயரமான ஆள். யாருக்கும் இடைஞ்சலாக இருந்துவிடக் கூடாது என்று தோளைக் குறுக்கிக் குறுக்கி உயரமே குறைந்துபோயிருந்தான். கூட்ட அறையின் பெரிய டிவியில் தலைவரின் பிறந்தநாள் உரை எந்நேரமும் ஓடிக்கொண்டிருக்கும். அன்றுதான் முதன்முறையாக அதை நிறுத்தினார்கள். அறையே காதடைத்ததுபோல ஆகிவிட்டது.

திரையில் ஆறு ஓடியது. தோணிக்காரி துடுப்பை ஊன்றி நின்று கேட்டாள்: “அக்கரையில உனக்கு யாரு இருக்கா?”

மாப்பிள்ளை பொத்தானில் விரலை வைத்தான்.

“இருங்க,” என்றார் செயலாளர். “குழு சார்பா சொல்ற பதில். முன்மொழியணும், வழிமொழியணும்.”

பதில்கள் மூன்று இருந்தன. திறனாய்வாளர் இரண்டாவதை முன்மொழிந்தார். தலைவர் மௌனமாக இருந்தார். அவர் மௌனத்தின் பொருள் என்ன என்று மற்ற இருவரும் தாழ்ந்த குரலில் விவாதித்தார்கள். இதற்குள் தோணிக்காரி தோணியில் சேர்ந்த தண்ணீரைத் தகரக் குவளையால் இறைத்து ஊற்றத் தொடங்கினாள். யாராவது பதில் சொல்லாமல் இழுத்தடித்தால் அவள் அப்படித்தான் செய்வாள். இறைத்துக்கொண்டே நிமிராமல் சொன்னாள்:

“ஒரு பதில் சொல்ல எத்தனை பேரு வேணும் உனக்கு?”

மாப்பிள்ளைக்கு உதட்டோரத்தில் என்னவோ ஆனது. குனிந்துகொண்டான். தலைவர் எழுந்து போய் அவன் கையிலிருந்த விசைப்பலகையை வாங்கினார்.

“நகருங்க மாப்பிள்ளை. பேசத் தெரிஞ்சவன் பேசணும்.”

அவர் பதில்களைப் படித்தார். இரண்டாவது பதில், ‘என் பிள்ளை இருக்கிறான்.’ மூன்றாவது, ‘யாரும் இல்லை.’ இரண்டும் அவருக்குச் சப்பென்று இருந்தன. முதல் பதில் அவருக்காகவே எழுதியதுபோல இருந்தது: ‘எல்லோரும் இருக்கிறார்கள். என்னைத் தெரியாதவர் அக்கரையில் இல்லை. எனக்காகக் காத்திருக்கிறார்கள்.’ அதை அழுத்தினார்.

தோணிக்காரி அவரை ஒரு பார்வை பார்த்தாள்.

“அப்போ அவங்களையே தோணி கொண்டாரச் சொல்லு,” என்றாள். முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

செயலாளருக்குச் சிரிப்பு வந்து, பாதியில் அதை இருமலாக மாற்றினார். அந்த இருமல் வெகுநேரம் நீடித்தது. தலைவர் பொத்தானை அழுத்தினார். மறுபடி அழுத்தினார். எல்லாப் பொத்தானையும் அழுத்தினார். தோணிக்காரி திரும்பவில்லை. ஆறு மட்டும் போய்க்கொண்டிருந்தது.

“நான் யாருன்னு இவளுக்குத் தெரியுமா?” என்றார் வசனக்காரியிடம்.

“தெரியாதுங்க ஐயா.”

“தெரிவிக்கணும்.”

மறுநாளே தீர்மானம் நிறைவேறியது. மேற்படி விளையாட்டின் தோணிக்காரி கழகத்தின் தலைவரை உரிய மரியாதையின்றி ஒருமையில் விளித்ததையும், கரையில் நிறுத்தியதையும், முதுகு காட்டியதையும் குழு வன்மையாகக் கண்டித்தது. மன்னிப்புக் கேட்டால் மட்டுமே விருதுக்குப் பரிசீலிக்கப்படும். மன்னிப்புக் கேட்க வேண்டியது எழுதியவர் அல்ல, தோணிக்காரிதான் என்று திறனாய்வாளர் ஒரு திருத்தம் கொண்டுவந்தார். எழுதியவர் வேறு, படைப்பு வேறு என்பதில் அவர் கொள்கைப் பிடிப்புள்ளவர்.

முதலாளிக்கு ஒரே மகிழ்ச்சி. “ரெண்டு வரிதானே? எழுதிக் குடுத்துடுங்க. நாளைக்கே விளையாட்டுல சேர்த்துடலாம்.”

வசனக்காரி எழுத உட்கார்ந்தாள். ‘மன்னித்துக்கொள்ளுங்கள் ஐயா’ என்று எழுதினாள். படித்துப் பார்த்தால் அது தோணிக்காரியின் குரலில் வரவில்லை, செயலாளர் குரலில் வந்தது. அடித்தாள். ‘தெரியாமல் செய்துவிட்டேன்’ என்று எழுதினாள். தோணிக்காரி எதையும் தெரியாமல் செய்பவள் இல்லையே. அதையும் அடித்தாள். மூன்று வருடம் சொன்னபடியெல்லாம் பேசியவள் இப்போது வாயைத் திறக்கமாட்டேன் என்கிறாள். வேலை போய்விடும் என்ற பயம் ஒரு பக்கம், இவளைத் தலைகுனிய வைக்கிறோமே என்ற வெட்கம் ஒரு பக்கம். மதியம்வரை பார்த்துவிட்டு நாத்தனார் கடைக்குப் போய், எதிரில் இருந்த முக்காலியில் உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னாள்.

“கேக்கமாட்டாளே,” என்றாள் நாத்தனார், யாரோ ஒருவருடைய வீட்டுப் பத்திரத்தை நகலெடுத்துக்கொண்டே. “அவ மன்னிப்புக் கேட்டா அப்புறம் அவ இல்லை, வேற ஆளு.”

“கேக்கலைன்னா எனக்கு வேலை போயிடும் அண்ணி.”

“போகட்டும்னு நான் சொல்ல முடியாது. என் தம்பி சம்பளம் எனக்குத் தெரியும்.” நாத்தனார் மூடியைத் தூக்கிப் பத்திரத்தைத் திருப்பிப் போட்டாள். “ஆனா ஒண்ணு சொல்றேன் கேளு. மன்னிப்பு மாதிரி ஏதாவது காதுல விழுந்தாலே மன்னிப்புன்னு எடுத்துக்கற ஆளுங்க உண்டு. கொஞ்சம் தழைஞ்ச குரல்ல சொல்லணும், அவ்ளோதான். என் வீட்டுக்காரர் அந்த ரகம். முப்பது வருஷம் ஓட்டியாச்சு. நான் இதுவரைக்கும் ஒரு தடவைகூட மன்னிப்புக் கேட்டதில்லைன்னு அவருக்கு இன்னும் தெரியாது.”

வசனக்காரி அங்கேயே ஒரு பழைய தாளின் பின்பக்கத்தில் எழுதத் தொடங்கினாள். இப்போது தோணிக்காரி தடையில்லாமல் பேசினாள். எழுதுகிறவளுக்குச் சில இடங்களில் சிரிப்பை அடக்க முடியவில்லை.

குழு மறுபடி கூடியது. தலைவர் திரைக்கு நேரெதிரே கைகட்டி உட்கார்ந்திருந்தார். திரையில் தோணிக்காரி முகத்தைத் திருப்பி, தலை தாழ்த்தி, அதுவரை யாரும் கேட்டிராத மெல்லிய குரலில் பேசினாள்:

“ஐயா, நீங்க இவ்ளோ பெரிய ஆளுன்னு தெரியாமப் போச்சு. பெரியவங்க பலபேர் இங்க வந்து நின்னிருக்காங்க, ஆனா வந்த உடனேயே தன் பெருமையைத் தானே சொல்ற துணிச்சல் ஒருத்தருக்கும் இருந்ததில்லை. உங்களைத் தாங்கற அளவுக்கு என் தோணிக்கு வக்கு இல்லைங்க. உங்க கனத்துக்கு இது நடு ஆத்துல கவுந்துடும், அப்புறம் உங்க நூலையெல்லாம் யாரு தூக்கறது. நீங்க இந்தக் கரையிலேயே நல்லா இருங்க. அக்கரைக்காரங்க என்ன பாவம் பண்ணினாங்க.”

வசனக்காரி மேசைவிளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

திறனாய்வாளர்தான் முதலில் கை தட்டினார். “தலைவரோட கனம்,” என்றார் தழுதழுத்து. “எவ்வளவு துல்லியமான படிமம்.” தலைவர் கைக்குட்டையை எடுத்து மூக்கைத் துடைத்தார். “அக்கரைக்காரங்களுக்கு நான் கிடைக்கலையேன்னு எவ்வளவு வருத்தப்படறா பாருங்க,” என்றார். அந்த வசனத்தைச் சட்டமிட்டுப் பேனாப் பெட்டிக்கு மேலே மாட்டுவதென்று ஒருமனதாகத் தீர்மானித்தார்கள். மாட்டவும் செய்தார்கள். மாப்பிள்ளை மட்டும் கை தட்டவில்லை. அவன் வசனக்காரியையே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் தாள்கட்டின் மறைவுக்குள் குனிந்துகொண்டாள்.

விருது ‘அக்கரைக்கு ஓராள்’ விளையாட்டுக்கே என்று அறிவித்தார்கள். விழாவுக்கு வசனக்காரி கணவனோடும் நாத்தனாரோடும் போனாள். கணவன், தான் வேலை பார்க்கும் பல் கட்டும் கூடத்தில் அரைநாள் விடுப்புப் போட்டிருந்தான். வாசலில் செயலாளர் அவளுக்கு ஓர் அட்டையைக் கொடுத்துக் கடைசி வரிசையைக் காட்டினார். அட்டையில் அவள் பெயருக்குக் கீழே ‘தட்டச்சு உதவி’ என்று இருந்தது.

“சார், இது தப்பா இருக்கு. எழுதினது நான்தானே.”

“அதுல யாருக்கும் சந்தேகமே இல்லையேம்மா. எழுத்துன்னா தட்டச்சு. நம்ம விதிப்படி கதையோட முடிவை யார் தீர்மானிக்கறாங்களோ அவங்கதான் படைப்பாளி. யார் தீர்மானிக்கறதுன்னு தலைவர் உங்களையேதான் கேட்டார். நீங்கதான் சொன்னீங்க, விளையாடறவங்கன்னு. குறிப்புல இருக்கு. நான் வேணும்னா எடுத்துக் காட்டவா?”

மேடையில் தலைவர் அந்த ஆண்டின் படைப்பாளியாகத் தம் மாப்பிள்ளையை அறிமுகப்படுத்திக்கொண்டிருந்தார். “சொந்தக்காரர்ங்கறதுக்காக நான் சலுகை காட்டலை. உண்மையில சொல்லப்போனா, இவர்கிட்ட ஒரு திறமையும் இல்லைன்னுதான் நான் இத்தனை நாளா நம்பிட்டிருந்தேன். என் நம்பிக்கையையே மாத்திக்கிட்டு இந்த விருதைக் குடுக்கறேன்னா, கழகம் எவ்வளவு நடுநிலையோட இயங்குதுன்னு நீங்க புரிஞ்சுக்கணும்.”

கடைசி வரிசையில் வசனக்காரி மடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கணவன் அவள் கையைப் பிடித்தான். நாத்தனார் எழுந்து நின்று சத்தம் போடத் தயாராகிக் கைப்பையைத் தம்பியிடம் நீட்டினாள். அதற்குள் மாப்பிள்ளை ஒலிவாங்கியின் முன்னால் வந்துவிட்டான். கேடயத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் இடுக்கிக்கொண்டான்.

“எனக்குப் பேசத் தெரியாது,” என்றான். “வீட்டுல தினமும் அதைப் போட்டுப் பார்க்கறேன். எனக்கு அவ இதுவரைக்கும் ஒரு வார்த்தை நல்லபடியா பேசலை. என்ன சொன்னாலும் முதுகைக் காட்டிடறா. இதை எழுதினவங்க கடைசி வரிசையில இருக்காங்க. அவங்க பேரைக்கூட இங்க யாரும் சொல்லலை. அவங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்...”

செயலாளர் ஒலிவாங்கியின் வயரைப் பிடுங்கினார். அதன் பிறகும் அவன் வாய் சிறிது நேரம் அசைந்தது. பிறகு படியிறங்கி, நடைபாதை நெடுகத் தோளைக் குறுக்கிக்கொண்டு கடைசி வரிசைக்கே வந்து நின்றான்.

“அக்கா, அவளை எப்படிப் பேசவைக்கறது?”

வசனக்காரி அவனை நிமிர்ந்து பார்த்தாள். “நீங்க எந்தப் பதிலைத் தேர்ந்தெடுக்கறீங்க?”

“முதல் பதில்தான். எல்லாரும் இருக்காங்க, காத்திருக்காங்கன்னு. மாமா அதுதான் மரியாதையான பதில்னு...”

“மாமா பக்கத்துல இருக்கறப்ப சொல்ற பதிலை அவகிட்ட சொல்லாதீங்க. நீங்க தனியா இருக்கறப்ப யாராவது கேட்டா என்ன சொல்லுவீங்களோ அதைச் சொல்லுங்க.”

அவன் யோசித்தான். தலையாட்டினான். நாத்தனார் கைப்பையைத் திருப்பி வாங்கிக்கொண்டு உட்கார்ந்தாள்.

கிளம்பும் நேரத்தில் தாழ்வாரத்தில் தலைவர் வசனக்காரியைத் தனியாகக் கூப்பிட்டார். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். அவருக்கு அப்படி ஒரு குரல் இருப்பதே அன்றுதான் தெரிந்தது.

“ஒண்ணு கேக்கறேன், மனசுல வெச்சுக்காதீங்க. அன்னிக்கு, அவங்களையே தோணி கொண்டாரச் சொல்லுன்னாளே. அது என்னை மனசுல வெச்சு எழுதினதுதானே?”

“இல்லைங்க ஐயா. நான் அப்போ உங்களைப் பார்த்ததுகூட இல்லை. யாரு அந்தப் பதிலைச் சொன்னாலும் அவ அதையேதான் சொல்லுவா.”

“யாரு சொன்னாலுமா?”

“ஆமாங்க.”

“சின்னப் பசங்க சொன்னாலும்?”

“ஆமாங்க ஐயா.”

தலைவரின் முகம் மெல்ல வாடியது. அவமானத்தை அவர் இத்தனை நாளும் நன்றாகவே தாங்கியிருந்தார். தமக்கென்றே தனியாக எழுதப்பட்டது என்று நம்பியிருந்த வரைக்கும் அதில் ஒரு கௌரவம் இருந்தது. அது தெருவில் போகிற எல்லோருக்கும் பொது என்பதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கிப் போனார்.

ஒரு வாரத்தில் கழகத்தின் சுற்றறிக்கை வந்தது. ஊடாடும் இலக்கிய விருது ரத்து செய்யப்படுகிறது, இவ்வாண்டு வழங்கிய விருதும் திரும்பப் பெறப்படுகிறது. காரணமும் கொடுத்திருந்தார்கள்: மேற்படி படைப்பானது விளையாடுபவரின் பதவி, வயது, எழுதிய நூல்களின் எண்ணிக்கை ஆகிய எதையும் கருத்தில் கொள்ளாமல் அனைவரிடமும் ஒரே விதமாக நடந்துகொள்வதால், அதற்கு இலக்கியத் தகுதி இல்லை.

செய்தித்தாள்கள் அதை அப்படியே போட்டன. அந்த வாரம் முழுக்க ஊரில் பாதிப் பேர் தோணிக்காரியிடம் போய் நின்று, திட்டு வாங்கிக்கொண்டு, பக்கத்து வீட்டுக்காரரையும் அனுப்பிவைத்தார்கள். முதலாளி வசனக்காரியைக் கூப்பிட்டார். அடுத்த விளையாட்டில் எல்லாரும் பேசலாம் என்றார், எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம். “அதுக்கும் இதே மாதிரி தகுதி இல்லைன்னு ஒரு சுற்றறிக்கை வாங்க முடியுமான்னு மட்டும் பாருங்க.” பெயர் வரிசையைப் பற்றி அவள் கேட்டாள். முதலில் வாய்க்குள் கேட்டாள். பிறகு அவருக்குக் கேட்கும்படி கேட்டாள். பார்க்கலாம் என்றார் முதலாளி. தண்ணீர் கேன்காரர் மனம் புண்படாதபடி பார்க்கலாம் என்றார்.

அன்று மத்தியானம் அவள் மேசைத் தொலைபேசி அடித்தது. மாப்பிள்ளை.

“கேடயத்தைத் திருப்பிக் குடுத்துட்டேன் அக்கா. செயலாளர் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கிட்டார்.”

“பரவாயில்லைங்க.”

“அதுக்குக் கூப்பிடலை. நேத்து மூணாவது பதிலைச் சொன்னேன். யாரும் இல்லைன்னு. அவ என்னை ரொம்ப நேரம் பார்த்தா. அப்புறம் தோணியில இடம் விட்டா. பாதி ஆறு வரைக்கும் ஒண்ணும் பேசலை. நடுவுல வந்ததும் பேசினா.”

அந்த இடத்தில் தோணிக்காரி என்ன சொல்வாள் என்பது எப்படி அமைகிறது என்று வசனக்காரிக்குத் தெரியும். அதற்கு முன்னால் அவன் எத்தனை தடவை வந்தான், எத்தனை தடவை பொய் சொன்னான், எவ்வளவு நேரம் நின்றான் என்பதையெல்லாம் வைத்து மாறும். ஏராளமான வாக்கியங்களை எழுதி வைத்திருந்தாள். அவற்றில் எது அவனுக்கு வந்தது என்று தெரிந்துகொள்ள அவளுக்கு ஆசையாக இருந்தது.

“என்ன சொன்னா?” என்று கேட்டாள்.

“தப்பா நினைக்காதீங்க அக்கா,” என்றான் அவன். “அது அவ எனக்குச் சொன்னது. வெளியில சொல்றதுக்கு இல்லை.”

“சரி,” என்றாள் வசனக்காரி. அவன் போனை வைத்த பிறகும் ரிசீவரைக் காதிலிருந்து எடுக்காமல் உட்கார்ந்திருந்தாள். எதிர் மேசையில் படம் வரைகிறவன், என்ன அக்கா, நல்ல செய்தியா என்று கேட்டான். ஆமாம் என்று தலையாட்டினாள்.